இரண்டு விசைகளை ஒரே நேரத்தில்

ஐந்து முறை. ஷிப்டை ஐந்து முறை விடாமல் தட்ட வேண்டும், தட்டினேன், கம்ப்யூட்டர் கீழிருந்து மேலே ஏறுகிற ஒரு சத்தம் போட்டது, சரி, வழிக்கு வந்துவிட்டது என்று ‘தோழர் பால்துரையும் நானும்’ என்று ஆரம்பித்தேன், நாலாவது சொல்லுக்குப் போவதற்குள் மேலிருந்து கீழே இறங்குகிற இன்னொரு சத்தம் வந்தது, அவ்வளவுதான், பழையபடி ஷிப்ட் செத்துவிட்டது. காலையிலிருந்து இது ஒன்பதாவது தடவையோ பத்தாவது தடவையோ. நேற்று மாலை வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடிய யந்திரம் இது. ராத்திரி நான் படுக்கப் போகும்போது திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது, அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள் என்று உத்தரவு போட்டது, நானும் அணைக்காமல் விட்டேன். காலையில் பார்த்தால் எல்லாம் புதுசு, படம் புதுசு, பெட்டிகளின் ஓரங்கள் எல்லாம் வளைந்திருக்கின்றன, எனக்கு வேண்டிய ஒன்று மட்டும் இல்லை. ஸ்டிக்கி கீஸ் என்று அதற்குப் பெயர். ஷிப்டை ஒரு தடவை தட்டிவிட்டு விரலை எடுத்துவிடலாம், அடுத்து எந்த எழுத்தைத் தட்டினாலும் ஷிப்டைப் பிடித்துக்கொண்டே தட்டியதாக யந்திரம் எடுத்துக்கொள்ளும். இரண்டு கை இருக்கிறவனுக்கு அது தேவையே இல்லை. எனக்கு இடது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம், நடுவில் இருந்த மூன்றும் தொண்ணூற்று ஒன்றாம் வருஷம் ஒரு சிமெண்டுக் கப்பலின் அடித்தளத்தில் போய்விட்டன. நான் அடிப்பது பழைய தட்டச்சு முறை, பாதி எழுத்துக்கு ஷிப்ட் வேண்டும். ஷிப்ட் இல்லாமல் அடித்தால் என் தமிழ் பல் போன கிழவன் பேசுகிற மாதிரி வருகிறது. மணி ஒன்பதே முக்கால். பன்னிரண்டு மணிக்குள் பக்கம் அச்சகத்துக்குப் போக வேண்டும்.

ஒரு பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை பால்துரைக்குப் படத்திறப்பு, அதற்கு ஒரு நினைவு மலர் போடுகிறார்கள், அவன் மகள் பியூலா முந்தாநாள் போன் பண்ணி, “மாமா, மூணாம் பக்கம் உங்களுக்குன்னு விட்டிருக்கேன், நீங்கதான் எழுதணும்”னாள். சங்கம் இரண்டாகி முப்பத்தைந்து வருஷம் ஆகிறது, அவன் ஒரு கொடி, நான் ஒரு கொடி, துறைமுகக் கேட்டில் எதிரெதிரே நின்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறோம், அது அவளுக்கும் தெரியும். இருந்தும் கேட்டாள். நான் உடனே சரி என்று சொல்லவில்லை, யோசித்துச் சொல்லுகிறேன் என்று ஒரு தலைவனுக்குரிய பதிலைச் சொன்னேன், ரிசீவரை வைத்த மறு நிமிஷமே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். நான் எழுதாவிட்டால் அந்த மூன்றாம் பக்கத்தில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். மாவட்டச் செயலாளரின் இரங்கல் வரும், ஈடு செய்ய முடியாத இழப்பு, ஆழ்ந்த அனுதாபம், கூடவே கைகூப்பிய படம். அந்த ஆள் ஒரு கப்பலின் படிகூட ஏறியவன் இல்லை. போன வருஷம் செத்த வேறொருவருக்கும் இதே ஈடு செய்ய முடியாத இழப்புதான், பெயரை மட்டும் மாற்றுவான். ஆனால் நான் எழுத ஒத்துக்கொண்டதற்கு அவன் காரணமில்லை. எனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஒரே ஒரு விஷயம், அது நான் சொல்லாவிட்டால் ஒரு காகிதத்திலும் இருக்காது.

“ஏங்க, இன்னும் முடியலையாக்கும்?” செல்வமேரி அடுக்களையிலிருந்து. முடியவில்லை என்று இங்கிருந்து சொன்னேன். ஈரக் கையோடு வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். “என்ன இது, எழுத்தெல்லாம் நொண்டுது?” யந்திரத்தில் கோளாறு என்றேன். “போன்ல பேசினா அதுவே எழுதும்லா, ரெபேக்கா டீச்சர் அப்படித்தான பேசிப் பேசி அனுப்புதாவ. நீங்க சொல்லுங்க, நான் பிடிச்சுக்கிடுதேன்.” வேண்டாம் என்றேன். “இல்லன்னா நான் அடிக்கேன், எந்த எழுத்து எங்க இருக்குன்னு காட்டுங்க.” வேண்டாம் என்றேன். “அப்ப யந்திரத்துக்கு எதிரா ஒரு உண்ணாவிரதம் இருங்க, மத்தியானச் சோறாவது மிஞ்சும்” என்று சொல்லிவிட்டுக் கருப்பட்டிக் காப்பியை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். நாற்பத்தாறு வருஷமாக இந்த வாய்க்குப் பதில் சொல்லி நான் ஜெயித்ததில்லை. காப்பி நன்றாக இருக்கிறது. சுக்கு போட்டிருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே வெயில் இன்னும் ஏறவில்லை, கடல்காற்று வருகிறது, உப்பு வாடையோடு லேசாகக் கருவாட்டு வாடையும். இப்படி ஒரு காலையில் ஒரு சண்டை கைவசம் இருந்தால் எனக்கு உடம்புக்கு நல்லது, இது டாக்டருக்குத் தெரியாது, செல்வமேரிக்குத் தெரியும். அவளிடம் சொல்லி அடிக்கச் சொல்லலாம்தான். சொல்ல முடியாது. மேடையில் ஐயாயிரம் பேருக்கு முன்னால் பேசியவனுக்கு இந்த ஒரு விஷயம் வாயில் வர மாட்டேன் என்கிறது, வாய் வரைக்கும் வந்து நிற்கிறது. விரலில் வரும் என்று நினைக்கிறேன். விரல் எனக்கு எப்போதும் வாயைவிட யோக்கியம். அதனால்தான் இந்த ஷிப்ட் வேண்டும்.

வேலாயுதத்துக்குப் போன் அடித்தேன், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான், இந்த யந்திரத்தைக் கொண்டுவந்து மாட்டியவன் அவன்தான். “அண்ணாச்சி, ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.” பண்ணியாச்சு. “இன்னொருக்கப் பண்ணுங்க.” ரெண்டு தடவை பண்ணியாச்சு வேலாயுதம், அஞ்சு தட்டினா வருது, நாலு சொல்லு அடிக்கதுக்குள்ள போயிருது. “அப்ப கீபோர்டு போச்சு அண்ணாச்சி. புதுசு மாத்திருவோம். சாயங்காலம் வரட்டா?” சாயங்காலம் எதற்கு, சாயங்காலம் மலர் அச்சாகி மடித்து அடுக்கியிருப்பார்கள். கீபோர்டு போனால் எப்படி ஐந்து தட்டினதும் வரும் என்று கேட்டேன். “அதான் அண்ணாச்சி எனக்கும் புரியல” என்று சிரித்தான். நல்ல பையன், பொய் சொல்லத் தெரியாது, அதனால் கடை பெரிசாகவில்லை. போனை வைத்தேன். கோபத்தில் ஷிப்டை அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு திரையை முறைத்துக்கொண்டிருந்தேன், எவ்வளவு நேரம் பிடித்தேனோ, ஒரு பெட்டி வந்து என்னவோ கேட்டது, அவசரத்தில் சரி என்று தட்டித் தொலைத்தேன். அதற்குப் பிறகு எந்த எழுத்தைத் தட்டினாலும் வரவில்லை. அழுத்திப் பிடித்தால்தான் ஒவ்வொன்றாக யோசித்து யோசித்து வருகிறது, முதலாளி முன்னால் பேசக் கூப்பிட்ட புதுத் தொழிலாளி மாதிரி. இது இன்னொரு வசதியாம், கை நடுங்குகிறவர்களுக்காக வைத்திருக்கிறார்கள், தெரியாமல் இரண்டு தடவை தட்டிவிட்டால் ஒன்றை விட்டுவிடும். எனக்குக் கை நடுங்கவில்லை. எழுபத்தெட்டு வயதிலும் நடுங்கவில்லை, அதை இந்த இடத்தில் பதிவு செய்கிறேன். மறுபடி அதே ஷிப்டை எட்டு எண்ணுகிற வரைக்கும் பிடித்தேன், பழையபடிக்கு வந்தது. பிடித்தால் வருவது பிடித்தால் போகிறது. நிர்வாகத்தோடு பழகியவனுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பத்தரை. ஐந்து தட்டு, ஏறுகிற சத்தம், இந்தத் தடவை இரண்டு வரி ஓடியது. ‘தோழர் பால்துரையும் நானும் ஒரே கப்பலில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். அவர் பேசுவார், நான் அடிப்பேன்.’ அவர் என்று போடுவதா அவன் என்று போடுவதா என்று ஒரு நிமிஷம் நின்றேன், அச்சில் அவர்தான், அவனுக்குத்தான் சிரிப்பு வரும். சங்க ஆபீசில் ஒரு தட்டச்சு யந்திரம் இருந்தது, ஒரு வக்கீல் தூக்கிப்போட இருந்ததை வாங்கி வந்தோம், அதில்தான் எனக்கு எழுத்து வந்தது என்று சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு சரி. அதற்கு மேல் எனக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் துண்டுப்பிரசுரங்கள்தான், உபரி என்ற சொல்லை எனக்கு விளக்க எந்த வாத்தியாரும் வரவில்லை, எட்டுப் பக்கத்தில் சாணித்தாளில் ஒன்று வந்தது, டீக்கடையில் மூன்று நாள் வைத்து எழுத்துக் கூட்டினேன். பால்துரை எஸ்.எஸ்.எல்.சி. அவனுக்குச் சொல் தானாக வரும், எனக்குத் தேடி எடுக்க வேண்டும், தேடி எடுத்த சொல்லுக்குத்தான் வெட்டு அதிகம் என்று நான் சொல்வேன். “ஏலே சூசை, நீ எழுதுன நோட்டீஸ்ல எழுத்தெல்லாம் மூக்கை விடைச்சுக்கிட்டு நிக்கிது, கொஞ்சம் உட்காரச் சொல்லுலே” என்பான். இறங்குகிற சத்தம். மறுபடி போய்விட்டது. சரி, இந்தத் தடவை எங்கே போனது? உட்காரச் சொல்லு என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தபோது கீபோர்டு மேஜையில் வழுக்கியது, வழுக்காமல் இருக்க இடது கையை வைத்து அமுக்கினேன். எப்போதும் அமுக்குகிறதுதான். கீபோர்டுக்கு அடியில் ஒரு ரப்பர் கால் உதிர்ந்து வருஷக்கணக்காகிறது, கண்ணாடி மேஜை, இடதுபக்க மூலையில் இந்த மிச்சக் கையை வைத்துத்தான் நான் அதைப் பிடித்துக்கொள்வேன், அந்தக் கைக்கும் ஒரு வேலை வேண்டாமா. அந்த மூலையில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்தேன். கன்ட்ரோல், அதற்கு மேலே இடது ஷிப்ட்.

நேற்று வரைக்கும் அது ஒன்றும் செய்யவில்லையே. கை அங்கே அமுங்குவதும் இருக்கும், எழுத்து ஓடுவதும் இருக்கும், எப்போதாவது ஒரு எழுத்து தப்பாக விழும், அழித்துவிட்டுப் போவேன். இப்போது மட்டும் ஏன் மொத்தமாகக் கோபித்துக்கொண்டு போகிறது? இங்கேதான் நான் என் தொழிலுக்குத் திரும்பினேன். யந்திரக் கோளாறாக இதைப் பார்த்தது தப்பு, வேலாயுதம் அப்படிப் பார்ப்பான், அவன் தொழில் அது. ஓடிக்கொண்டிருந்த ஒரு வசதி ஒரே ராத்திரியில் ஒழுங்காகக் கிடைக்காமல் போனால், யாரோ ஒரு ஷரத்தை மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மாற்றினால் எங்காவது எழுதி வைத்திருப்பார்கள், எழுதாமல் பறிக்கிற தைரியம் எந்த நிர்வாகத்துக்கும் கிடையாது. செட்டிங்ஸுக்குள் போனேன், அதற்குள் அக்சஸிபிலிட்டி, அதற்குள் கீபோர்டு. எல்லாம் இங்கிலீஷ். என் இங்கிலீஷ் ஒப்பந்தங்களிலும் குற்றப்பத்திரிகைகளிலும் படித்த இங்கிலீஷ், சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்று கேட்கத் தெரியாது, எந்த நிபந்தனைக்கு உட்பட்டு என்று கேட்கத் தெரியும். ஒப்பந்தம் எதுவானாலும் நான் கீழிருந்து மேலேதான் படிப்பேன். மேலே நமக்குக் கொடுப்பதைப் போடுவார்கள், பெரிய எழுத்தில், பறிப்பதைக் கடைசியில் போடுவார்கள், அதற்குள் நமக்குக் கண் அசந்திருக்கும். கடைசி வரிக்கு இறங்கி அங்கிருந்து ஏறினேன். சத்தம் எழுப்பவா, சரி, எழுப்பட்டும். ஷிப்டை இரண்டு தடவை தட்டினால் பூட்டவா, பூட்டட்டும். அதற்கு அடுத்த வரி. இரண்டு விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் இந்த வசதியை நிறுத்து. பக்கத்தில் உள்ள சின்னக் குமிழ் நீலமாக எரிந்துகொண்டிருந்தது.

நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். இந்த வரியை எனக்குத் தெரியும். இதை நான் முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் வேறு காகிதத்தில் படித்திருக்கிறேன். எண்பத்தொன்பதாம் வருஷத்து ஒப்பந்தம், வேலையில் அடிபட்டவர்களுக்கு லைட் டூட்டி, அதாவது பளு இல்லாத வேலை, சரக்குக் கிட்டங்கி வாசலில் உட்கார்ந்து காவல் பார்ப்பது, சீட்டுக் கிழிப்பது, அதுவரை அடிபட்டவனுக்கு வீட்டுக்குப் போகிற வழிதான் இருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு ஷரத்து. லைட் டூட்டியில் இருப்பவர் எப்போதாவது பளு தூக்கக் கண்டால் சலுகை ரத்து. ஒரு தடவை உன்னால் முடிந்துவிட்டால் எப்போதும் முடியும் என்று வைத்துக்கொள்வார்கள். இரண்டு விசையை ஒரே நேரத்தில் அழுத்தினாயா, அப்படியானால் உனக்கு இரண்டு கை இருக்கிறது, போ. உலகத்தில் நிர்வாகம் என்று எங்கே எது இருந்தாலும் இந்த ஒரு வரியை எழுதாமல் அதற்குத் தூக்கம் வராது போலிருக்கிறது. இந்த ஷரத்துக்காகத்தான் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். பால்துரை போட்டான். “மத்ததெல்லாம் கிடைக்குல்லா சூசை, இத அடுத்த தடவ பார்ப்போம்”னான். அடுத்த தடவை என்பது முதலாளியின் காலண்டரில் இல்லாத மாதம் என்று நான் சொன்னேன், நல்ல வாக்கியம், மறுநாள் நோட்டீசிலும் போட்டேன், அதோடு சங்கம் இரண்டானது. ஷரத்தைப் பற்றி நான் சொன்னது சரி. அதை இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கையெழுத்தைப் பற்றி அவன் செய்தது சரி. இதைச் சொல்ல எனக்கு மூன்று விரல் போக வேண்டியிருந்தது, போன பிறகும் சொல்லவில்லை. இரண்டே வருஷத்தில் கப்பலில் என் கை நசுங்கியது, அவன் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் பேரில் எனக்கு லைட் டூட்டி கிடைத்தது, மூன்றாம் நம்பர் கிட்டங்கி வாசலில் ஒரு இரும்பு நாற்காலியில் பதினாலு வருஷம் உட்கார்ந்தேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே அவனைத் திட்டி நோட்டீஸ் எழுதினேன்.

குமிழைத் தட்டினேன். நீலம் போய்ச் சாம்பல் ஆனது. வெளியே வந்து ஐந்து தட்டு, ஏறுகிற சத்தம், இடது கையை வேண்டுமென்றே மூலையில் எப்போதும்போல வைத்துக்கொண்டு, வலது கையால் ஒரு எழுத்து, இன்னொரு எழுத்து, ஒரு முழு வாக்கியம். இறங்குகிற சத்தம் வரவில்லை. “முடிஞ்சுது மேரி!” என்று கத்தினேன். “எழுதி முடிஞ்சா?” என்று அவள். இல்லை, ஷரத்தை எடுத்தாச்சு என்றேன். “நல்லது, அப்ப தோசை ஊத்தவா, போராட்டம் வாபஸா?” ஊற்று என்றேன். ஒரு ஆபீசர் இல்லை, ஒரு பேச்சுவார்த்தை இல்லை, உள்ளே போனேன், வரியைக் கண்டுபிடித்தேன், நீக்கினேன், வெளியே வந்தேன். ஐம்பது வருஷத்தில் நான் ஒரு ஷரத்தை இவ்வளவு சுத்தமாக ஜெயித்ததில்லை. அந்தக் காலத்து நோட்டீஸ் என்றால் மகத்தான வெற்றி என்று தலைப்புக் கொடுத்திருப்பேன். மூன்று தோசை சாப்பிட்டேன், மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய். சாப்பிட்டுக் கை கழுவும்போது மணி பதினொன்று ஐந்து. இனிமேல் யந்திரத்தின் மேல் பழி போட முடியாது. நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, காலையிலிருந்து அது கெட்டுப்போய்க் கிடந்ததில் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சௌகரியமும் இருந்திருக்கிறது.

எழுத வேண்டியது இதுதான். தொண்ணூற்று நாலு, ஐப்பசி மழை, கிட்டங்கிக்குள் பருப்பு மூட்டை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருந்தது, சிந்தினதைப் பெருக்குகிற பேச்சியம்மாள் அடுக்கின் ஓரத்தில் குனிந்திருந்தாள். மேல் வரிசையில் ஒன்று நனைந்து சரிந்து வந்து அவள் காலின் மேல் விழுந்தது. அவள் கத்தவில்லை, ஐயோ என்று மெதுவாகத்தான் சொன்னாள், அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. வாசலில் என்னைத் தவிர யாரும் இல்லை. தூக்கினேன். வலது கையால் ஒரு மூலையைப் பிடித்து, இந்த மிச்சக் கையை அடியில் கொடுத்து, நெஞ்சில் அணைத்துத் தூக்கி அந்தப் பக்கம் போட்டேன். திரும்பினால் சூப்பர்வைசர் குடையோடு வாசலில் நிற்கிறான். பார்த்தான், போய்விட்டான். பேச்சியம்மாளுக்குக் கால் தப்பித்தது. எனக்கு நாற்காலி போய்விட்டது என்று அன்றைக்கு ராத்திரி செல்வமேரியிடம்கூடச் சொல்லாமல் படுத்தேன், இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் ரத்து ஓலை வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. நான்காம் நாள் பால்துரைக்கு மூன்று நாள் சஸ்பென்ஷன் என்று செய்தி வந்தது, வேலை நேரத்தில் தன் இடத்தைவிட்டு வேறு கிட்டங்கியில் இருந்தானாம். எனக்கு ஒரே கொண்டாட்டம். உடனே உட்கார்ந்து அடித்தேன், ஷிப்டைப் பூட்டிப் பூட்டி ஒற்றைக் கையால், ‘கம்பெனியின் செல்லப்பிள்ளைக்கு மூன்று நாள் ஓய்வு! உழைத்துக் களைத்த ஒப்பந்த வீரருக்கு நம் அனுதாபங்கள்!’ ஐந்நூறு படி. கேட்டில் நானே நின்று கொடுத்தேன், அவனுக்கும் ஒன்று கொடுத்தேன், வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். நான் ஓய்வு பெறுகிற அன்றைக்கு என் கோப்பை மூடப்போகிற ஆபீஸ் கிளார்க் ஒருவர், இதைப் பாருங்கள் என்று ஒரு தாளைக் காட்டினார். பால்துரையின் கையெழுத்து. ‘மேற்படி மூட்டையைத் தூக்கியது நான். சூசை பக்கத்தில் நின்றார், தூக்கவில்லை. சூப்பர்வைசர் மழையில் சரியாகப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.’ பதினொரு வருஷம் கழித்து நான் அதைப் படித்தேன். அதற்கும் மேலே அவன் இருபது வருஷம் உயிரோடு இருந்தான். சந்தையில் பார்த்திருக்கிறேன், ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்குகிற வரிசையில் எனக்கு முன்னால் நின்றிருக்கிறான், “என்னலே சூசை” என்பான், “என்ன” என்பேன். வாய் வரைக்கும் வந்து நிற்கும். ஒரு பொய்யைச் சொல்லி என்னைக் காப்பாற்றியதற்கு நன்றி என்று எப்படி ஒரு ஆள் இன்னொரு ஆளிடம் சொல்வது, அதுவும் ஐந்நூறு படி அடித்த பிறகு.

விரலில் வந்தது. நான் நினைத்தது சரிதான், விரலில் வந்தது. அலங்காரமாக ஒரு சொல் போடவில்லை, குற்றப்பத்திரிகை எழுதுகிற மாதிரியே எழுதினேன், என்ன தேதி, எந்த இடம், யார் தூக்கியது, தான் தூக்கியதாக யார் எழுதிக் கொடுத்தது, யார் எந்த நோட்டீசை அடித்தது, அதில் என்ன வாசகம் இருந்தது, அது பொய். அது பொய் என்று அடிக்கும்போது கை நின்றது, நடுங்கவில்லை, நின்றது, அப்புறம் ஓடியது. எனக்குத் தெரிந்து இருபது வருஷம் ஆகிறது, நான் அவரிடம் சொல்லவில்லை. இந்த வரியை இரண்டு தடவை அழித்தேன், மூன்றாவது தடவை விட்டுவிட்டேன். பதினொன்று ஐம்பதுக்குப் பியூலாவுக்கு அனுப்பினேன். போய்விட்டது என்று யந்திரம் சொன்னது. வெளியே ஒரு மீன்காரி கூவிக்கொண்டு போனாள், சாளை, சாளை என்று, மேரி கூப்பிட்டு நிறுத்தி விலை பேசினாள், நான் அந்தப் பேரத்தைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன், வேறு எதையும் யோசிக்காமல் இருக்க அது வசதியாக இருந்தது. பசி இல்லை, தாகம் இல்லை, தோளில் ஒரு மூட்டை இறங்கின இடத்தில் வருகிற குளிர்ச்சி மட்டும் இருந்தது. பத்து நிமிஷம் கழித்துப் போன் அடித்தது.

“மாமா, பக்கம் வந்துட்டு.” பியூலா குரல் ஒரு மாதிரி இருந்தது. “அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். அம்மா பேசணும்ங்காவ.” நான் எழுந்து நின்றுகொண்டேன், எதற்கு என்று தெரியவில்லை. “சூசையண்ணே” என்றாள் ஞானப்பூ. சொல்லும்மா என்றேன். “இது எனக்குத் தெரியும்ணே. அன்னைக்கே சொன்னாவ. நீங்க எழுதின நோட்டீசைக் கொண்டாந்து என்கிட்டக் காட்டி அப்படிச் சிரிச்சாவ. மூணு நாளும் வீட்டுக்கு ஓடு மாத்திக்கிட்டு இருந்தாவ, ஓய்வுன்னு எழுதிருக்கான் பாரு, கூரைக்கு மேல வந்து பாக்கச் சொல்லு அவனைன்னு.” நானும் சிரித்துவிட்டேன். “உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னும் அவுகளுக்குத் தெரியும்ணே. அந்த கிளார்க் சொல்லிட்டாரு.” அப்படியென்றால் அந்த இருபது வருஷமும், சந்தையில், மாத்திரை வரிசையில், தெரிந்துகொண்டேதான் நின்றிருக்கிறான். “ஒண்ணும் கேக்கலியே அவன்” என்றேன். “கேட்டா நீங்க சண்டைக்குல்லா வருவீய” என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “அண்ணே, ஊருல எல்லாரும் வாசிப்பாவ. உங்க ஆளுகளும் வாசிப்பாவ. நோட்டீஸ் பொய்ன்னு நீங்களே எழுதினா உங்களுக்கு ஒரு மாதிரி இருக்காதா? வேணும்னா அந்தப் பாகத்தை மட்டும் எடுத்திருவோம். அச்சகத்துக்காரர் இன்னும் கால்மணி நேரம் தாரேன்னு சொல்லுதாரு. ஒரே கப்பல்ல சேர்ந்தது, நீங்க அடிச்சது, அதெல்லாம் இருக்கட்டும். அதுவே போதும்ணே, எங்களுக்கு.”

மூன்றாம் பக்கம் என் கண்முன்னால் வந்தது, அவன் படம், கீழே என் எழுத்து, ஞாயிற்றுக்கிழமை என் கொடிக்காரர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், பெரியவருக்கு என்ன ஆச்சு என்பார்கள். கேட்கட்டும். கேட்டால் சொல்ல எனக்கு இப்போது வாய் வரும் என்று தோன்றியது. “எடுக்க வேண்டாம்மா” என்றேன். “அப்படியே அச்சாகட்டும். அந்தப் பாகத்தை மட்டும் எழுத்தைக் கொஞ்சம் பெருசாப் போடச் சொல்லு.”